மினிக்காயும் எங்கள் மினாராவும்

 

கடலுக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. பிறந்தது, வளர்ந்தது, பிழைத்தது எல்லாம் கோவை பீளமேட்டில். 34 ஆண்டுகள் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் பிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும்போது அதில் சற்றே ஈரம் இருக்கும். கடலைப் பற்றி எங்கள் ஊர் அறிந்தது அவ்வளவே. அத்தகைய ஒருவன் தீவு ஒன்றின் கலங்கரை விளக்கத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணம், எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் மினாரா.

அந்த மினாரா ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன், செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுப்பப்பட்டது. பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்து, ஆலைகள் பெருகி, அவற்றில் வேலை தேடி வந்த எளிய மக்கள் காலணாவும் அரையணாவுமாகச் சேர்த்துக் கட்டியது. உயரம் 60 அடிதான். சில ஆண்டுகளுக்கு முன் அதன் உச்சியில் விரிசல் கண்டது. ஒரு மழைநாளில் காரைக் கட்டி ஒன்று பெயர்ந்து ஹவ்ளுக்கு அருகில் விழுந்தது. அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் காயமில்லை.

அன்று இஷாவுக்குப் பின் ஜமாஅத் கூடியது. "பழையதை இடித்துவிட்டு 100 அடியில் இரட்டை மினாரா எழுப்புவோம்" என்றார் ஒருவர். அதை முதலில் வழிமொழிந்தவன் நான். மறைந்த என் அத்தாவின் பெயரால் 50,000 ரூபாய் தருவதாகவும் அறிவித்தேன். உண்மையைச் சொல்வதானால், புதிய மினாராவின் அடியில் பதிக்கப்படும் கல்வெட்டில் அத்தாவின் பெயர் இருக்கும் என்ற ஆசையும் என் மனத்தில் இருந்தது. புதியதற்கு 38 லட்சம் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். வசூல் தொடங்குவதற்குள் நான் ஒரு பயணம் செல்ல நேர்ந்தது.

கடல் நடுவே ஒரு விளக்கு

என் மருமகனுக்கு மினிக்காய்த் தீவில் அரசுப் பணி. மகளையும் பேரப்பிள்ளைகளையும் காண, நுழைவு அனுமதி பெற்று, கொச்சியிலிருந்து கப்பல் ஏறினேன். லட்சத்தீவுகளின் தென்கோடியில், கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மினிக்காய். பிறை போல வளைந்த பவளத்தீவு. நீளம் சுமார் 10 கிலோமீட்டர். பரப்போ ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மக்கள் அனைவரும் முஸ்லிம்கள். மற்றத் தீவுகளில் மலையாளம் வழங்க, இங்கு மட்டும் மாலத்தீவு மொழியின் ஒரு வடிவமாகிய மஹல் பேசப்படுகிறது. அரபியைப் போல வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். நம் கடற்கரை ஊர்ச் சமையலறைகளில் மணக்கும் மாசிக்கருவாடு இத்தீவினரின் கைத்திறன். சூரை மீனைத் தூண்டிலில் பிடித்து, வேகவைத்து, புகையூட்டி, உலர்த்தி அதைச் செய்கிறார்கள்.

விடியலுக்கு முன் கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தேன். தீவு கண்ணுக்குத் தெரியவில்லை, தென்னையும் தெரியவில்லை. இருளில் ஓர் ஒளிக்கீற்று தோன்றி மறைந்தது, மீண்டும் தோன்றியது. "அதுதான் மினிக்காய் விளக்கு" என்றார் பக்கத்தில் நின்ற தீவுக்காரர். பூமி உருண்டையாதலால், கடல் மட்டத்தில் இருக்கும் விளக்கு சில மைல்களிலேயே மறைந்துவிடும். 150 அடி உயரத்தில் வைத்தால் 14 கடல்மைல், அதாவது சுமார் 26 கிலோமீட்டர் வரை தெரியும். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு இன்னும் தொலைவிலிருந்தே தெரியும். கோபுரத்தை உயரமாகக் கட்டுவது அழகுக்காக அன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இத்தீவில் அவ்விளக்கு எழுந்த வரலாறு சுவையானது. அரபிக்கடலில் ஏடனுக்கும் கொழும்புக்கும் இடையே செல்லும் கப்பல்களின் வழியில் மினிக்காய் குறுக்கிடுகிறது. தாழ்ந்த தீவு, சுற்றிலும் பவளப்பாறை. இரவில் அருகில் வந்த பிறகே தெரியும். 1862 நவம்பரில் பி. அண்டு ஓ. நிறுவனத்தின் 'கொழும்பு' என்னும் நீராவிக் கப்பல் இப்பாறையில் மோதி உடைந்தது. அதில் வந்தோர் இத்தீவிலேயே தஞ்சம் புகுந்தனர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இவ்வழியே கப்பல் போக்குவரத்து பன்மடங்கு பெருகியது. விளக்கு ஒன்று இன்றியமையாததாயிற்று. அக்காலத்தில் தீவுக்குரியவர்கள் கண்ணனூர் அறக்கல் அரச குடும்பத்தார். கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச மரபு அது.

1885இல் விளக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. செங்கல்லுக்கு ஏற்ற களிமண் பவளத்தீவில் ஏது? கட்டுவதற்கான பொருள் கப்பலில் வந்தாக வேண்டும். அப்படி எழுந்த கோபுரம் 140 ஆண்டுகளாக நிற்கிறது. 1947இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் இவ்விளக்கு மட்டும் சில ஆண்டுகள் பிரித்தானியரின் பொறுப்பிலேயே இருந்தது. 1956இல்தான் இந்திய அரசின் கைக்கு வந்தது. கொடி மாறியது, ஆட்சி மாறியது, எண்ணெய் போய் மின்சாரம் வந்தது. விளக்கு மட்டும் அதே இடத்தில் எரிந்துகொண்டிருக்கிறது.

துணி பிடித்த கை

ஒருநாள் அஸருக்குப் பின் மருமகன் என்னைக் கோபுரத்தின் மேல் அழைத்துச் சென்றார். "மாமா, மெதுவாக ஏறுங்கள்" என்று அவர் சொல்லிக்கொண்டே வர, சுழன்று செல்லும் படிகளில் மூச்சு வாங்க ஏறினேன். மேலே நின்று பார்த்தால் ஒருபுறம் ஆழ்கடலின் கருநீலம், மறுபுறம் பவளப்பாறை சூழ்ந்த காயலின் இளம்பச்சை. படைத்தவனைப் புகழாமல் இருக்க முடியவில்லை.

என் தொழிற்புத்தி, காட்சியை விட்டுவிட்டுக் கருவியைத் தேடியது. கலங்கரை விளக்கத்தின் உயிர் விளக்கில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. எந்தச் சுடரும் தன் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். வானுக்கும் தரைக்கும் போகும் ஒளி மாலுமிக்குப் பயன்படாது. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல், வளையம் வளையமாகக் கண்ணாடிப் பட்டகங்களை அடுக்கி, சிதறும் ஒளியையெல்லாம் வளைத்து ஒரே கற்றையாகக் கடலை நோக்கி அனுப்பும் லென்சை உருவாக்கினார். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதலில் பொருத்தப்பட்டது. ஒளி வளையும் இயல்பை அதற்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே கெய்ரோவில் இருந்து ஆராய்ந்து பெருநூல் எழுதியவர் இப்னுல் ஹைதம் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நாங்கள் ஏறியபோது பணியாளர் ஒருவர் கையில் துணியுடன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தினமும் துடைப்பீர்களா?" என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டேன். கடற்காற்றில் உப்பு இருக்கிறது, துடைக்காமல் விட்டால் கண்ணாடி மங்கும், உள்ளே விளக்கு எவ்வளவு பெரிதாக எரிந்தும் பயனில்லை என்றார் அவர். அதே உப்பு இரும்பைத் துருவாக்கும். சுவரின் காரைக்குள் புகுந்து அதை உதிர வைக்கும். ஆகவே சுரண்டுவதும் பூசுவதும் வெள்ளையடிப்பதும் ஓயாத வேலை.

நான் வாயடைத்து நின்றேன். என் 34 ஆண்டு வாழ்க்கையை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். ஆலையில் ரிங் பிரேம் ஓடும்வரை பிட்டரை யாரும் நினைப்பதில்லை. நேரத்துக்கு எண்ணெய் விட்டு, பஞ்சுத் தூசு அகற்றி, தேய்ந்ததை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்திரம் நிற்காது. நிற்காததால் அவன் உழைப்பும் தெரியாது. இதை அறிந்த நானா, ஒரு விரிசலைக் கண்டவுடன் "இடித்துவிடுவோம்" என்று முதலில் கை தூக்கினேன்? இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இக்கேள்வி என் உடன் வந்தது.

ஹஜ்ரத் சொன்ன செய்தி

ஊர் திரும்பியதும் எங்கள் இமாம் ஹஜ்ரத்திடம் இதைச் சொன்னேன். அவர் புன்னகைத்தார். "பாய், நம் மினாரா என்ற சொல்லே கலங்கரை விளக்கத்தின் பெயர்தான். அரபியில் 'மனாரா' என்றால் ஒளியிடம். நாகூரில் இன்றும் மனோரா என்கிறார்களே!" என்றார். நினைவு வந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டுவித்த 131 அடிப் பெரிய மனோரா, கடலில் வருவோருக்குத் தொலைவிலேயே தென்படும் அடையாளம் அல்லவா?

பிறகு ஹஜ்ரத் அலெக்சாந்திரியாவின் வரலாற்றைக் கூறினார். பரோஸ் என்னும் சிறு தீவில், கி.மு. 280 அளவில், தாலமி மன்னர்கள் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட அக்கலங்கரை விளக்கம் பண்டைய ஏழு அதிசயங்களுள் ஒன்று. 100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். அதைக் கட்டியவர்களை உலகம் அறியும். ஆனால் கி.பி. 642க்குப் பின் 600 ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பேணியவர்கள் முஸ்லிம்கள் என்பதை எத்தனை பேர் அறிவர்? ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு தூலூன் அதன் உச்சியைச் செப்பனிட்டார். 956இல் நிலநடுக்கத்தால் மேற்பகுதி சரிந்தது. அதன் பின்னும் கோபுரம் வாழ்ந்தது. 1183இல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் அங்கு வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அதன் உச்சியில் பள்ளிவாசல் இருந்ததையும் தாம் அங்குத் தொழுததையும் எழுதி வைத்திருக்கின்றார். பின்னர் மம்லூக் சுல்தான் பைபர்ஸும் பழுது பார்க்கச் செய்தார்.

1303ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கம் கோபுரத்தை உலுக்கியது. 1326இல் அங்குச் சென்ற இப்னு பதூதா, ஒரு பக்கம் இடிந்திருக்கக் கண்டார். ஆயினும் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. 1349இல் மீண்டும் சென்றபோது, வாயிலை நெருங்கவும் முடியாத அளவுக்கு அது பாழாகியிருந்தது. சுல்தான் அந்நாஸிர் அதற்குப் பக்கத்தில் அதைப் போன்ற புதிய கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார் என்றும், முடிக்குமுன் மரணம் அவரைத் தடுத்துவிட்டது என்றும் இப்னு பதூதா குறிப்பிடுகின்றார்.

வாசகர்களே, இதை எண்ணிப் பாருங்கள். 1500 ஆண்டுகளுக்கும் மேல் நின்ற கோபுரம், 23 ஆண்டு இடைவெளியில் உள்ளே நுழையவும் முடியாத பாழாயிற்று. பக்கத்தில் தொடங்கிய புதியதும் எழவில்லை, பழையதும் நிற்கவில்லை. 1477இல் சுல்தான் காயித்பாய் அவ்விடத்தில் கோட்டை எழுப்பினார்; அக்கோட்டை இன்றும் இருக்கிறது. கடலில் விழுந்த கற்களை 1994 முதல் ஆய்வாளர்கள் நீருக்கடியில் தேடிக் கண்டெடுத்து வருகிறார்கள். 2025இல் மாபெரும் கற்கள் 22 வெளியே எடுக்கப்பட்டன. கணிப்பொறியில் அக்கோபுரத்தை மறுபடியும் பொருத்திப் பார்ப்பதற்காக இத்தனை பாடு!

மூன்று விண்ணப்பங்கள்

மறுநாள் லுஹருக்குப் பின் ஓர் ஏணியுடன் எங்கள் மினாராவில் ஏறினேன். பாங்கு சொல்லும் மாடம் வரை உள்ளே படி உண்டு. அதற்கு மேல் குமிழுக்கு ஏணி வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. மழைநீர் இறங்கும் குழாயைக் காய்ந்த இலையும் புறா எச்சமும் அடைத்திருந்தன. தேங்கிய நீர் சுவருக்குள் இறங்கியிருந்தது. ஈரத்தில் அரசஞ்செடி ஒன்று முளைத்து, அதன் வேர் செங்கல்லைப் பிளந்திருந்தது. முன்பு யாரோ வெடிப்பின் மேல் சிமெண்டை அப்பியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே போன ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதன் வாயை அடைத்துவிட்டது. அதனால் ஈரம் உள்ளேயே நின்று காரையை உதிர்த்திருக்கிறது. கோபுரத்தின் கீழ்ப்பகுதியும் அடித்தளமும் கல்லைப் போல் உறுதியாக இருந்தன.

இறங்கி வந்து பள்ளியின் பழைய கோப்புகளைப் புரட்டினேன். அங்கேதான் அந்த மூன்று தாள்கள் இருந்தன. எங்கள் பழைய மோதினார் பாய் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்கள். ஆண்டுதோறும் மழைக்கு முன் மேலே ஏறிக் குழாயைச் சுத்தம் செய்து, செடிகளைப் பிடுங்கி வந்தவர் அவர். பழைய மர ஏணி முறிந்துவிட்டது, முழங்காலும் வலிக்கிறது, புதிய ஏணி ஒன்றும் உதவிக்கு ஓர் ஆளும் தந்தால் வேலை நிற்காது என்று எழுதியிருந்தார். ஏணியின் விலை 1,800 ரூபாய் என்று கடையில் விசாரித்தும் குறித்திருந்தார். மூன்று தாளின் ஓரத்திலும், "பிறகு பார்க்கலாம்" என்ற குறிப்பும் கையெழுத்தும். அக்கையெழுத்து என்னுடையது. அப்போது நான்தான் பொருளாளர்.

மோதினார் பாய் சில ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அங்கேயே மௌத்தானார். ஒரு வாரம் கழித்தே எனக்குச் செய்தி கிடைத்தது. ஜனாஸாவுக்கு எங்கள் ஜமாஅத்திலிருந்து ஒருவரும் போகவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு கறுப்பினப் பெண்மணியைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் இறந்தபோது, சிறிய செய்தி என்று எண்ணித் தோழர்கள் பெருமானாரிடம் தெரிவிக்கவில்லை. அவரைக் காணோமே என்று நாயகமே விசாரித்தார்கள். செய்தி அறிந்ததும், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்குச் சென்று அவருக்காகத் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற இச்செய்தியை எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டவன் நான். அன்று அந்த மூன்று தாள்களுடன் உட்கார்ந்திருந்தபோதுதான் அது என்னைப் பற்றியது என்று புரிந்தது.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து நின்று அத்தாள்களை வாசித்துக் காட்டினேன். என் கையெழுத்தையும் காட்டினேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஹஜ்ரத், வக்ஃபு வருவாயில் முதல் செலவு அச்சொத்தின் பராமரிப்பே என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம் என்றும், வக்ஃபு செய்தவர் அதை எழுதாமல் விட்டாலும் அதுவே முறை என்றும் விளக்கினார். "புதியது கட்டினால் ஊருக்குப் பெருமை அல்லவா?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். கேட்டதில் தவறில்லை. மக்கள் பெருகி இடம் போதாவிட்டால் புதிதாகக் கட்டத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஏணிக்கு 1,800 ரூபாய் தர மனமில்லாத நாங்கள் கட்டும் 100 அடி மினாராவுக்கும் 20 ஆண்டில் இதே கதி வராது என்று யார் பிணை நிற்பது?

பழுது பார்ப்பதென முடிவாயிற்று. சிமெண்டைச் சுரண்டி எடுத்தோம். வேரை முழுதும் களைந்தோம். பிளந்த செங்கல்லை மாற்றி, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையில், பழைய கொத்தனார்கள் செய்தது போலக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினோம். அவ்வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நான்கு மாதங்கள், 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். என் அத்தாவின் பெயரால் சொன்ன 50,000 ரூபாயைப் பராமரிப்பு நிதியின் முதல் தொகையாக வைத்தேன். கல்வெட்டு வேண்டாம் என்றேன். மோதினார் பாயின் குடும்பத்தைத் தேடிச் சென்று, அவருடைய கப்ரில் ஸலாம் சொல்லி, துஆச் செய்து வந்தேன். தாமதமாகச் செய்தது, அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், தென்மேற்குப் பருவமழைக்கு முன், இளைஞர்கள் இருவர் மினாராவில் ஏறிக் குழாயைத் துப்புரவு செய்கின்றனர். தேதியும் பெயரும் ஒரு நோட்டில் எழுதப்படுகின்றன. அந்நோட்டின் முதல் பக்கத்தில் மோதினார் பாயின் பெயரை எழுதி வைத்திருக்கிறோம்.

அன்பு நேயர்களே! உங்கள் ஊரிலும் ஒரு மினாரா இருக்கும். நாளை ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். எங்கேனும் ஒரு பச்சை இலை தெரிந்தால், அது அழகு அன்று, எச்சரிக்கை. அதைவிட முக்கியமாக, உங்கள் பள்ளியில் துடைப்பமும் துணியும் பிடிக்கும் அந்த மனிதரிடம் போய் ஸலாம் சொல்லுங்கள். அவர் ஏதேனும் கேட்டால், "பிறகு பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மினிக்காயில் இன்று இரவும் விளக்கு எரியும். அதற்குமுன் யாரோ ஒருவர் அதன் கண்ணாடியைத் துடைத்திருப்பார். அத்தகையோருள் நம்மையும் எல்லாம் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.